பழகப் பழகத்தான் போகும் கூச்சம்: படிப்படியாக ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் செக்கானூரணிக்கு அப்பால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு விலக்கு. இறங்க ஆள் இருந்தால்தான் அங்கே பஸ் நிற்கும். கண்டக்டருக்குக் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினேழு வயதில் எனக்கு அது வராது. வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்கிவிடுவேன். யாரும் இறங்காத நாளில் அடுத்த நிறுத்தம் வரை போய், வந்த வழியே ஒரு கிலோமீட்டர் நடந்து திரும்புவேன். வீட்டில் கேட்டால் பஸ் நிற்கவில்லை என்பேன்.

இப்போது மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் பல பேர் முகத்தில் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கிறேன். அவர்களைப் பழக்கியதிலும் என்னை நானே பழக்கிக்கொண்டதிலும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், மனிதர்களோடும் பழகுகிறோம். நம் மொழியில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான். தைரியம் முழுசாக வந்த பிறகு சைக்கிள் ஏறியவர் யாரும் கிடையாது. அரைப் பெடல் போட்டு, முட்டி தேய்ந்து, ஓட்டத் தெரிந்த பிறகுதான் பயம் போகிறது. ஆட்களோடு பழகுவதும் அதே வரிசையில்தான் நடக்கும். "தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் பேசுகிறேன்" என்று காத்திருந்தால் அது வராது.

எது கூச்சம், எது சுபாவம்

அதிகம் பேசாதவர்கள் எல்லாரும் கூச்சப்படுகிறவர்கள் இல்லை. எங்கள் கடைக் கணக்கர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் முதலாளியிடம் கணக்கு தப்பு என்று சொல்ல வேண்டிய நேரத்தில் தயங்காமல் சொல்லிவிடுவார். அது அமைதியான சுபாவம். அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பேச வேண்டும் என்று ஆசை இருந்தும், பேசினால் நல்லது என்று தெரிந்தும், வாய் வராமல் போகிறதா? பந்தியில் ரசம் வேண்டும் என்று கூப்பிட முடியாமல் அரை வயிற்றோடு எழுந்திருக்கிறீர்களா? தப்பான சில்லறையைத் திருப்பிக் கேட்காமல் வந்திருக்கிறீர்களா? அதுதான் கூச்சம். உங்களுக்கு உரியதை அது உங்களிடமிருந்து பறிக்கிறது. அதனால்தான் அதை மாற்ற வேண்டும். ஊர் முன்னால் கலகலப்பான ஆளாகக் காட்டிக்கொள்வதற்காக அல்ல.

படபடப்பு என்ன செய்கிறது

புது ஆள் முன்னால் நெஞ்சு அடிப்பது, நாக்கு ஒட்டிக்கொள்வது, உள்ளங்கை வேர்ப்பது எல்லாம் அட்ரினலின் என்ற சுரப்பின் வேலை. ஆபத்து என்று நினைத்து உடம்பு ஓடத் தயாராகிறது. இது ஏறும், உச்சிக்குப் போகும், சில நிமிஷங்களில் தானாக இறங்கத் தொடங்கும். நாம் என்ன செய்கிறோம்? உச்சியில் இருக்கும்போதே அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுகிறோம். உடனே ஒரு நிம்மதி வருகிறது. "ஓடியதால்தான் தப்பித்தோம்" என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும்.

ஆகவே, படபடப்பு அடங்கும்வரை அந்த இடத்தில் நில்லுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நின்றால் போதும். மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீளமாக்குங்கள். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் இறக்கம் சுலபமாகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்களிடம் வரும் பிள்ளைக்கு நான் முதலில் வாங்கித் தருவது ஒரு நோட்டு. எந்தெந்த இடத்தில் வாய் அடைக்கிறது என்று எழுதச் சொல்வேன். பக்கத்தில் பயத்துக்கு மதிப்பெண், ஒன்று முதல் பத்து வரை. மனநல மருத்துவர்களும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். சின்னப் பயத்தில் தொடங்கிப் பெரிய பயத்துக்குப் போகும் ஏணி. போன வருஷம் வந்த ஒரு பையனின் நோட்டில் இப்படி இருந்தது:

- பெரியார் பஸ் ஸ்டாண்டில் "இந்த பஸ் சிம்மக்கல் போகுமா?" என்று கேட்பது – 2
- பூக்காரம்மாவிடம் முழம் என்ன விலை என்று கேட்பது – 3
- டீக்கடையில் "சீனி கம்மியா" என்று சொல்வது – 4
- கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வெளியே வருவது – 6
- விசேஷ வீட்டில் மொய் எழுதுகிறவரிடம் ஊர், பெயர் சத்தமாகச் சொல்வது – 7
- எல்லார் முன்னாலும் போனில் பேசுவது – 7
- முதலாளியிடம் லீவு கேட்பது – 8
- மைக் பிடிப்பது – 10

உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். மைக் பிடித்து வெளுத்து வாங்குகிறவருக்கு பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் கேட்க வராது. அதனால் அடுத்தவர் ஏணியைப் பார்த்து ஏறாதீர்கள்.

விதி ஒன்றுதான். ஒரு படியை ஒருமுறை செய்துவிட்டு அடுத்ததற்குத் தாவக்கூடாது. நாலாக இருந்த பயம் இரண்டாகும்வரை அதே படியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சிலருக்கு மூன்று முறை போதும், சிலருக்குப் பதினைந்து முறை ஆகும். தாவினவர்கள்தான் விழுகிறார்கள். "ஒரே அடியா போய் ஸ்டேஜ்ல ஏறு, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்கிற சொந்தக்காரரின் பேச்சைக் கேட்டு ஏறி, வாய் வராமல் இறங்கி, அப்புறம் ஐந்து வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகாத ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரே டீக்கடை, ஒரே நேரம்

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு புது ஆளிடம் பேசுவதைவிட ஒரே ஆளிடம் தினம் பேசுவது சுலபம், பலனும் அதிகம். எனக்கு அது தெற்கு மாசி வீதியில் ஒரு டீக்கடையாக இருந்தது. மாஸ்டர் போடுகிற டீயில் சீனி தூக்கலாக இருக்கும். எனக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒரு மாதம் சொல்லாமலே குடித்தேன்.

ஒருநாள் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மாஸ்டர் வழக்கம்போல் போட்டுக் கொடுத்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அண்ணே, சீனி கம்மி." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரண்டியில் இருந்த சீனியில் பாதியைத் திரும்ப டப்பாவில் தட்டிவிட்டு, டீயை ஆற்றி நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மாதமாக நான் பயந்தது இதற்குத்தானா என்று அந்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். பத்து நாள் கழித்து நான் தெருமுனையில் வரும்போதே, "சீனி கம்மி வருது" என்று அவர் கிளாஸை எடுத்து வைத்தார். மதுரையில் வீட்டுக்கு வெளியே என்னை அடையாளம் தெரிந்துவைத்திருந்த முதல் மனிதர் அவர்.

வாரக்கணக்கில் சொல்வதானால்: முதல் வாரம், சென்றதும் ஒரு தலையசைப்பு, வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது. இரண்டாம் வாரம், ஒரு வாக்கியம் கூடுதலாக, "இன்னிக்கு வெயில் தாங்கலண்ணே" போதும். மூன்றாம் வாரம், ஒரு கேள்வி. இதற்குமேல் திட்டம் வேண்டாம், மற்றது தானாக நடக்கும்.

கவனம் எங்கே இருக்கிறது

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான படி. கூச்சப்படுகிறவரின் கவனம் முழுக்கத் தன் மேலேயே இருக்கிறது. கை எங்கே வைப்பது, குரல் நடுங்குகிறதா, சட்டை நன்றாக இருக்கிறதா, அவர் என்ன நினைக்கிறார். எதிரே நிற்பவரைக் கவனிக்க மிச்சமே இல்லை. அப்புறம் பேச்சு எப்படி வரும்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. வெட்கப்படும்படியான படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பிறகு, எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்பது பனியன் போட்டவர்களின் கணிப்பு. உண்மையில் கவனித்தது அதில் பாதி அளவுதான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நாம் நினைக்கும்போது இரண்டு பேர்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் கவலை இருக்கிறது.

கடையில் நான் சொல்லித்தரும் பயிற்சி இது. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறதா, கையைப் பார். பத்து சேலை விரித்திருப்போம். அந்த அம்மா வாயால் "வேற காட்டுங்க" என்பார். ஆனால் கை மட்டும் மூன்றாவதாகப் போட்ட சேலையின் முந்தானைக்கே திரும்பத் திரும்பப் போகும். விரலால் கரையைத் தடவும். அதைக் கவனித்துவிட்டு, "இந்தக் கலர் பிடிச்சிருக்காக்கா? இதுலயே கரை சின்னதா ஒண்ணு இருக்கு, எடுக்கவா?" என்று கேட்டால் போதும். அந்த நேரத்தில் உன் குரல் நடுங்குகிறதா என்று நீ யோசித்திருக்கவே மாட்டாய்.

ஜவுளிக்கடையில் இல்லாதவர்களுக்கும் இதே வழிதான். யாரிடம் பேசப் போனாலும் அவரைப் பற்றி மூன்று விஷயம் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைத்திருக்கிறாரா, கையில் என்ன வைத்திருக்கிறார், எதைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்கிறது. பேச்சுக்கான விஷயம் அங்கேயே கிடைக்கும்.

தொடங்குவது, தொடர்வது, முடிப்பது

தொடங்குவதற்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. பெயர் தெரிய வேண்டியதில்லை. அண்ணே, அக்கா, ஐயா, அம்மா, தம்பி என்று கூப்பிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும். அடுத்து, இருவருக்கும் பொதுவாகக் கண்ணெதிரே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். வராத பஸ், நீளும் வரிசை, மழை வருமா.

தொடர்வதற்கு அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். "மாட்டுத்தாவணியிலிருந்து வர்றேன்" என்றால், "பூ மார்க்கெட் பக்கமா? இன்னிக்கு மல்லி விலை எப்படி இருந்துச்சு?" புத்திசாலித்தனமாகப் பேச வேண்டியதில்லை. கேட்டதைக் கேட்டோம் என்று காட்டினால் போதும்.

எல்லாக் கேள்வியும் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, யார் மகன் என்று நம் பக்கம் கேட்கும் கேள்விகள் பல நேரம் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். பல பிள்ளைகள் வாய் மூடிப் போனதே அந்தக் கேள்விக்குப் பயந்துதான். அதைக் கேட்காதீர்கள். உங்களிடம் கேட்டால், "மதுரைப் பக்கம்தாண்ணே. நீங்க இங்க ரொம்ப நாளா?" என்று பேச்சைத் திருப்புங்கள். சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விக்கும் இதே வழி. பதில் சொல்லாமல் இருப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அது கூச்சத்தில் சேராது.

முடிக்கத் தெரியாததால் தொடங்கவே பயப்படுகிறவர்கள் நிறைய. அதற்கு "சரிண்ணே, வர்றேன்" போதும். போகும்போதும் வருகிறேன் என்று சொல்லும் பழக்கம் நம்முடையது. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஊன்றுகோலும் கைப்பிடியும்

விசேஷ வீட்டில் தூண் ஓரமாக நின்று போனைத் தேய்ப்பது, போகும் இடமெல்லாம் ஒரே நண்பனை இழுத்துக்கொண்டு போவது, பேசப் போவதை மனசுக்குள் இருபது தடவை ஒத்திகை பார்ப்பது எல்லாம் ஊன்றுகோல்கள். அந்த நேரத்துக்குத் தாங்கும், ஆனால் கால் பலப்படாது. ஒரு விசேஷத்துக்கு ஒன்று என்று விடுங்கள். முதலில் போனைப் பைக்குள் போடுங்கள்.

இதற்குப் பதிலாக ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். காதுகுத்து வீட்டில் தண்ணீர் பாட்டில் வைப்பது, வாசலில் சந்தனம் கல்கண்டு தட்டுப் பக்கம் நிற்பது, பந்தியில் அப்பளம் போடுவது. இதை ஊன்றுகோல் என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன் உங்களை ஆட்களிடமிருந்து மறைக்கிறது, அப்பளத் தட்டு நூறு பேர் முன்னால் கொண்டு போய் நிறுத்துகிறது. "இன்னொண்ணு போடவாண்ணே?" என்று நூறு தடவை கேட்டவருக்கு அடுத்த விசேஷத்தில் பாதிக் கூச்சம் இருக்காது.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

மேலே சொன்ன ஏணி ஒரு ஆணின் ஏணி. டீக்கடையில் நின்று பேசிப் பழகுவது எல்லாப் பெண்களுக்கும் சுலபமான இடமில்லை. எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் சொன்ன இடங்கள் வேறு: தினம் வாங்கும் பூக்காரம்மா, ஒரே நேரத்துக்கு ஏறும் டவுன் பஸ், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழுக் கூட்டம் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. அங்கே சேமிப்பு, கடன் என்று பேச வேண்டிய விஷயம் தயாராக இருக்கிறது.

இன்னொன்று. ஒரு ஆளின் பார்வையோ பேச்சோ சரியில்லை என்று உள்ளே உறுத்தினால் அதைக் கூச்சம் என்று எண்ணித் தாண்டிப் போகாதீர்கள். அந்த உறுத்தலை நம்பி அங்கிருந்து விலகுங்கள்.

மைக் முன்னால்

மேல மாசி வீதியில் 1921 செப்டம்பர் 22-ல் காந்தி மேல்சட்டையைத் துறந்து முழத்துண்டுக்கு மாறிய வீடு இருக்கிறது. அவர் நினைவு அருங்காட்சியகம் 1959 முதல் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்குகிறது. அந்த இரண்டு இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் நினைப்பது வேறொரு காந்தியை. பம்பாயில் தன் முதல் வழக்குக்கு எழுந்து நின்ற இளம் வக்கீலுக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய முப்பது ரூபாய் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். லண்டனில் படித்தபோதும் கூட்டத்தில் பேச எழுதிக்கொண்டு போய், வாசிக்க முடியாமல் இன்னொருவர் வாசித்திருக்கிறார்.

அதே மனிதர் 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் முன்னால் எழுந்து, வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினார். அதுதான் தன் முதல் மேடைப் பேச்சு என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கே அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் மேடையாக நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், இரண்டு நிமிஷம்தான், பெயர்களை எழுதி வைத்துப் படிக்கலாம். அதற்கு முன் போனில் ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஐந்தாவது தடவை பழகிவிடும். கூட்டம் சேருமுன்னே போய், காலி அரங்கில் மைக் அருகே ஒருமுறை நின்று பாருங்கள். பேசும்போது உங்களைப் பார்த்துத் தலையாட்டும் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து அவரிடம் பேசுங்கள். அப்படி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

சொதப்பிய நாளில்

எங்கள் பையன் ஒருவன் ஒரு அம்மாவிடம், "உங்க பொண்ணுக்கா?" என்று கேட்டுவிட்டான். அவர் தனக்குத்தான் எடுக்க வந்திருந்தார். "ஏன், நான் கட்டக் கூடாதா?" என்றார். பையன் முகம் வெளிறி குடோனுக்குள் போய்விட்டான். நான் போய்க் கூப்பிட்டேன். "ஓடிப் போனா இந்த நிமிஷம் மட்டும்தான் மனசுல நிக்கும். வந்து முடிச்சிட்டுப் போ." வந்தான். "தப்பா கேட்டுட்டேன்க்கா, மன்னிச்சிருங்க" என்றான். அவர் சிரித்துவிட்டு அவனிடமே சேலை எடுத்தார்.

ராத்திரி படுக்கும்போது அன்றைய பேச்சு மறுபடி மறுபடி ஓடும். நோட்டை எடுத்து நடந்ததை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். "தப்பாகக் கேட்டேன், மன்னிப்புக் கேட்டேன், சேலை எடுத்தார்." அவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுதாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. எதிராளிக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்

ஆளுக்கு ஆள் மாறும். நான் பார்த்தவரை முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசமாகத் தோன்றும், ஏனென்றால் இதுவரை தவிர்த்ததை இப்போது செய்கிறீர்கள். மூன்று மாதத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் மாற்றத்தைச் சொல்வார்கள். உங்களுக்கே தெரிய இன்னும் நாளாகும். அன்றைக்குப் பயம் இருந்ததா என்று கணக்குப் பார்க்காதீர்கள், அன்றைய படியைச் செய்தீர்களா என்று மட்டும் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் மைக் முன்னால் உள்ளங்கை வேர்க்கிறது. வேர்த்த கையோடு பேசுகிறேன்.

சிலருக்கு நோட்டும் டீக்கடையும் போதாது. கல்லூரியையோ வேலையையோ விட்டுவிடும் அளவுக்குப் பயம் இருந்தால், மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாவிட்டால், கொஞ்சம் குடித்தால்தான் விசேஷத்துக்குப் போக முடிகிறது என்ற நிலை வந்தால், உதவி கேளுங்கள். குடியைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன், நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வழியில் போனதைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நேரில் போக, அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சு வழியாகவும் தேவைப்பட்டால் மருந்து வழியாகவும் இதைக் குணப்படுத்துகிறார்கள்.

வீட்டில் பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விருந்தாளி வந்ததும் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, "மாமாவுக்குப் பாடிக் காட்டு" என்று சொல்லாதீர்கள். அவன் முன்னாலேயே "இவன் வாயில்லாப் பூச்சி" என்றும் சொல்லாதீர்கள். கடைக்கு அனுப்பி மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள், போதும்.

குடோனுக்குள் ஓடிய அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதம் கழித்து அதே அம்மா தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "அந்த ஒல்லியான தம்பி எங்கே? அவனையே காட்டச் சொல்லுங்க" என்றார். கூப்பிட்டேன். பையன் தோளில் சேலைக் கட்டோடு வந்தான். அதை இறக்கி வைத்துவிட்டு, நான் எதுவும் சொல்லுமுன்னே, "வாங்கக்கா. அந்த மாம்பழக் கலர் கட்டினீங்களா? தண்ணில போட்டதும் சாயம் போகலையே?" என்று கேட்டான்.